ஜெகாவின் பிள்ளைக்கு எட்டுச் சட்டை

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கலியாணம் ஆகியிருக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு லொட்ஜின் மேல்மாடி அறையில் மூன்று வருடமாக இருந்தான். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை. முழுப்பெயரைச் சொல்லக் கஷ்டப்பட்டுக் கந்தோரில் எல்லாரும் சிறி என்றே கூப்பிட்டார்கள். காலையில் பஸ், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் மறுபடியும் பஸ். வழியில் மறித்தால் காட்டுவதற்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கந்தோர்க் கடிதமும் சட்டைப் பையிலேயே இருக்கும். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டான். லொட்ஜில் இருந்த மற்றவர்கள் வெளிநாடு போக ஏஜென்சியின் பதிலுக்குக் காத்திருப்பவர்கள். வருவார்கள், போவார்கள். அவன் மட்டும் எங்கும் போகிறவனாக இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலை நடுப்பகுதியில் தங்கச்சி ஜெகதீஸ்வரி, வீட்டில் ஜெகா, எழுதிய கடிதம் வந்தது. ஜூன் முதல் கிழமையில் எழுதியது. முந்தின வருடம் ஆமி நெருங்கிவர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அவளும் புருஷனும் கொக்குவில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர்கள். இப்போது கிளிநொச்சியில் ஒரு சொந்தக்காரரின் காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தார்கள். கலியாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள். இத்தனை இடிபாட்டுக்குள் அவளுக்குப் பிள்ளை தங்கியிருந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் பிறக்கும் என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, இப்படி இருந்தது: "அண்ணா, இங்கே பிள்ளைக்குப் போட ஒரு துணி எடுக்கேலாது. ஆரும் வந்தால் நாலைந்து சட்டை அனுப்பிவிடுங்கோ. பழசெண்டாலும் பறவாயில்லை."

கொண்டுபோக ஆள் இருந்தது. லொட்ஜின் கீழ் அறையில், கண் ஒப்பரேஷனுக்கு வந்து தங்கியிருந்த கனகேஸ்வரி ரீச்சர் அதே வன்னியில் மல்லாவிக்காரி. ஓகஸ்ட் நடுவில் திரும்புவதாக இருந்தார். ஒரு சின்னப் பையென்றால் கையில் கொண்டுபோவேன், பெரிதென்றால் முடியாது, வவுனியாவில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள் என்று முதலே சொல்லிவிட்டார்.

சிறி தன் வாழ்நாளில் ஒரு குழந்தைக்கு உடுப்பு வாங்கியதில்லை. பச்சைக் குழந்தையைக் கையில் தூக்கியதுகூட இல்லை. பிறந்த பிள்ளை எவ்வளவு நீளம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கந்தோரில் டைப் அடிக்கும் டோரினிடம் கேட்டான். டோரின் ஹெந்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நாலு பிள்ளைகளின் தாய். விஷயத்தைக் கேட்டதும் மிகவும் சந்தோஷப்பட்டு, உடனேயே ஒரு தாளை மெஷினில் செருகி லிஸ்ட் அடித்துக் கொடுத்தாள். கம்பளிக் குல்லாய் இரண்டு, காலுக்கு மேஸ் நாலு சோடி, கைக்கு உறை, லேஸ் வைத்த ஜாக்கெட், ரப்பர் ஷீட், நெப்கின் இரண்டு டசின். தன் மூத்த மகனுக்குப் பிறப்பதற்கு முன்பே இதெல்லாம் எடுத்து வைத்ததாகச் சொன்னாள்.

சனிக்கிழமை அந்த லிஸ்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காலி வீதியில் சந்தைக்குக் கிட்ட உள்ள ஸவாஹிரின் கடைக்குப் போனான். பிள்ளைகளின் உடுப்பு மட்டும் விற்கிற கடை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் ரிபன் கட்டிய செட்டுகள். உள்ளே போகப் போக விலை குறையும். கடைசியில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், கார்மெண்ட் பக்டரிகளில் கழித்துவிட்ட துணிகள் ஒரு மேசையில் குவிந்து கிடக்கும். முதலாளி ஸவாஹிர் முன்னால் இருந்தபடி, அவன் காட்டிய லிஸ்ட்டைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு நீலச் செட்டை எடுத்து வைத்தார். சட்டை, தொப்பி, மேஸ் எல்லாம் ஒரே நிறத்தில். வடிவாகத்தான் இருந்தது. சிறி அதை வாங்கவே நினைத்தான். ஆணா பெண்ணா என்று முதலாளி கேட்க, இன்னும் பிறக்கவில்லை, வன்னிக்கு அனுப்பவேண்டும் என்றான்.

மெஷினில் இருந்து தைத்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முக்காடு போட்டிருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும்.

"அது வேண்டாம் அண்ணை," என்றாள். "இஞ்சால வாங்கோ."

முதலாளி கோபிக்கவில்லை. நஸீறா சொல்கிறதைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும் என்று அவனை உள்ளே அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கவனித்தார்.

'அண்ணை' என்று இங்கே முஸ்லிம் கடைகளில் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. குரலிலேயே ஊர் தெரிந்தது. யாழ்ப்பாணமோ என்று கேட்டான். அவள் துணிக் குவியலுக்குள் கையைவிட்டுத் தேடிக்கொண்டே, "சோனகத்தெரு," என்றாள்.

சோனகத்தெருவில் இப்போது யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், முஸ்லிம் சனம் எல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்குள் போகவேண்டும் என்று, அப்போது யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து அனுப்பியது. அப்போது அவன் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தான். ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை. அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் போகும்போது அந்தப் பக்கத்துத் தெருக்களில் மாடுகள் மட்டும் நின்றன.

நஸீறா அவனுடைய லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினாள். தங்கச்சி இருக்கிறது கல்வீடா, கொட்டிலா? கிணறு கிட்டவா? சவர்க்காரம் கிடைக்குமா? நுளம்புக் கடி எப்படி? ரீச்சர் எப்போது போகிறார், போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும்? சிறிக்கு அரைவாசிக்குத்தான் பதில் தெரிந்தது. தங்கச்சி என்ன மாதிரி வீட்டில் இருக்கிறாள் என்பதை ஒரு தையல்காரி கேட்டுத்தான் அவன் முதன்முதலாக யோசித்துப் பார்த்தான். சவர்க்காரம் அந்தப் பக்கம் அனுப்பத் தடை, கிடைத்தாலும் விலை என்று மட்டும் சொன்னான்.

அவள் லிஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டாள். வெள்ளை வேண்டாம். சவர்க்காரம் இல்லாத இடத்தில் வெள்ளை ஒரு கிழமையில் வெள்ளையாக இராது, தாய்க்கு அதைப் பார்க்கப் பார்க்க மனம் நோகும். கரும்பச்சையும் வேண்டாம், சீருடை நிறம், சோதனையில் ஏன் வில்லங்கம். மங்கல் மஞ்சள், சாம்பல், சின்னப் பூப்போட்டது பறவாயில்லை. நைலோன் கலந்தது கொஞ்சமும் ஆகாது. எலாஸ்டிக் போட்டது வேண்டாம், வெயிலில் காய்ந்து இளகிப்போகும், பிள்ளையின் இடுப்பிலும் தழும்பு விழும். தெறியும் வேண்டாம், ஒன்று கழன்றால் வாய்க்குள் போகும். முன்பக்கம் திறந்து நாடாவால் முடிகிற சட்டைதான் நல்லது. பிள்ளை வளர வளர நாடாவைத் தளர்த்தலாம், தலையால் இழுத்துக் கழற்றவும் தேவையில்லை. முழுக்கை வேண்டும், நுளம்புக்கு. கை நீளமென்றால் மடித்துவிடலாம், கட்டையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வொரு சட்டையையும் உட்புறமாகத் திருப்பி, தையல் மூட்டில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தாள். உரசுகிறதை ஒதுக்கினாள். கழித்த துணிகள் என்றாலும் வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்தவை, ஒரு தையல் கோணினாலே தள்ளிவிடுவார்கள், துணியில் குறையில்லை என்றாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்த நீலச் செட்டின் விலைக்கு இவற்றில் நாலு வாங்கலாம்.

அளவைப் பார்த்தபோதுதான் சிறிக்கு விளங்காமல் போனது. எல்லாம் பெரிதாக இருந்தன. பிறக்கிற பிள்ளைக்கு இது ஒரு முழம் கூடிப்போகாதா என்று கேட்டான்.

"பிறக்கேக்க இது போய்ச் சேராது அண்ணை," என்றாள். "ரெண்டு மாசமோ மூண்டு மாசமோ கழிச்சுத்தான் சேரும். பிறந்தவுடன சுத்துறதுக்குத் தாயின்ர பழஞ்சீலை காணும். நீங்க அதுக்குப் பிறகு போடுறதைத்தான் அனுப்போணும்."

நெப்கின் இரண்டு டசின் என்று டோரின் எழுதியதை அவள் வெட்டிவிட்டாள். ஆண்கள் கட்டும் மெல்லிய பருத்திச் சாறம் இரண்டு வாங்கச் சொன்னாள். கிழித்தால் நெப்கின், கிழிக்காவிட்டால் போர்வை, கட்டித் தொங்கவிட்டால் பிள்ளையை ஆட்ட ஏணை, திரும்ப ஓடவேண்டி வந்தால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டவும் அதுவே உதவும். கம்பளிக் குல்லாயும் மேஸும் கைக்கு உறையும் அந்தப் புழுக்கத்தில் எதற்கு என்று கேட்டாள். ஒரு துணித் தொப்பி மட்டும் வைத்தாள்.

இவ்வளவையும் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று அவன் கேட்டான். கேட்டிருக்கத் தேவையில்லை.

"என்ர சின்னவனுக்கு நாற்பது நாள், நாங்க வெளிக்கிடேக்க," என்றாள். "அவனுக்கு நான் கொண்டுவந்தது அவ்வளவும் பிழையான உடுப்பு."

இப்போது கிராண்ட்பாஸில் ஒற்றை அறையில் இருப்பதாகவும், புருஷன் மஷூர், யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டு வந்து இங்கே புறக்கோட்டையில் மூட்டை தூக்குவதாகவும் சொன்னாள். குறைப்பட்டுச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எட்டுச் சட்டை, இரண்டு சாறம், ஒரு தொப்பி, ஒரு துவாய். எல்லாவற்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்துவிட்டு, புதுத்துணியில் கஞ்சி இருக்கும், கொதிதண்ணீரில் போட்டு அலசிக் காயவைத்து அனுப்புங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிறி லொட்ஜ் வாளியில் அவற்றைத் தோய்த்து, மேல்மாடிக் கம்பியில் காயப்போட்டான். அங்கே எப்போதும் காய்வது ஆண்களின் காற்சட்டையும் துவாயும்தான். அவற்றுக்கு நடுவில் எட்டுச் சின்னச் சட்டைகள் கடற்காற்றில் ஆடின. அறைகளிலிருந்து ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். பகிடி விடுவார்கள் என்றுதான் அவன் நினைத்தான். ஒருவரும் விடவில்லை. கனடாவுக்குப் போக ஒன்பது மாதமாகக் காத்திருந்த ஒருவர், தன் மகளை ஆறு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர், ஒரு கைநுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீடு போன சனம் செத்தது. வெள்ளவத்தை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு விடிகாலை பொலிஸ்காரர் சுற்றிவளைக்க வந்தார்கள். லொட்ஜின் எல்லா அறைகளையும் திறக்கச் சொன்னார்கள். சிறியின் பதிவு சரியாக இருந்தது, கந்தோர்க் கடிதமும் இருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த பையைத்தான் இழுத்தெடுத்தார்கள். உள்ளே குழந்தை உடுப்பு. அதற்கடியில் ஜெகாவின் கடிதம். கடிதத்தின் மேல் கிளிநொச்சி என்று இருந்தது.

"மே காட்டத?" என்று சார்ஜன்ட் கேட்டார். இது யாருக்கு என்று.

"நங்கிகே பபாட்ட," என்றான் சிறி. தங்கச்சியின் பிள்ளைக்கு. அவனுக்குச் சிங்களம் கந்தோர் அளவுக்குத்தான் வரும்.

பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். பிறக்கவில்லை என்றான். பிறக்காத பிள்ளைக்கு மூன்று மாத உடுப்பா என்று கேட்டார்கள். சார்ஜன்டுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கவேண்டும், அளவைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சேரக் காலம் எடுக்கும் என்பதை சிறி சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் திக்கினான். கலியாணம் ஆகாதவன், அறையில் பச்சைக் குழந்தையின் உடுப்பு, கிளிநொச்சிக் கடிதம், தடுமாறுகிற பேச்சு. அவனையும் இன்னும் ஏழு பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள்.

பொலிஸில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அதைப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவன் முதலில் சொன்னான். ஆனால் மேசையில் அந்தச் சட்டைகளை வரிசையாகப் பரப்பி, ஒரு சவர அலகால் மடிப்புத் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்ததை அவன் எதிரில் நின்று பார்க்கவேண்டியிருந்தது. உள்ளே கடிதம் ஏதும் வைத்துத் தைத்திருக்கிறதா என்று தேடினார்கள். மூன்று சட்டையும் துவாயும் வெட்டிய பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது. அந்த நேரத்தில் அவனுக்கு ஜெகா மீது கோபம் வந்தது. ஒன்பது வருடம் இல்லாத பிள்ளை இப்போது எதற்கு என்று நினைத்தான். நினைத்தது அவனை விட்டுப் போகவில்லை. பல நாள் கழித்தும் சாப்பிடும்போது அது வந்து நிற்கும்.

செவ்வாய்க்கிழமை டோரின், மனேஜரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு தானே நேரில் வந்தாள். அவள் சிங்களம் நன்றாகக் கதைப்பாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. பின்னேரம் அவனை விட்டார்கள். பையையும் தந்தார்கள். கடிதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

வந்தவுடன் இன்னொரு செய்தி காத்திருந்தது. கிளிநொச்சிப் பக்கம் ஆமி வெளிக்கிட்டுவிட்டது, சனமெல்லாம் எழும்பி அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று போகிறது. எட்டாம் மாதக் கர்ப்பிணி எப்படிப் போனாள், எந்தப் பக்கம் போனாள் என்று கேட்க ஒருவரும் இல்லை. கடிதத்தில் இருந்த விலாசம் இப்போது பொலிஸிடம். பொலிஸிடம் இருந்த விலாசத்திலும் இப்போது அவள் இல்லை.

வெட்டின சட்டைகளை ஸவாஹிரின் கடைக்குக் கொண்டுபோனான். நஸீறா ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். யார் வெட்டினது என்று கேட்கவில்லை. சுற்றிவளைப்புக் கதை கடைகளில் எல்லாருக்கும் தெரியும். மெஷினில் நூலை மாற்றிவிட்டு, அவனை ஸ்டூலில் இருக்கச் சொன்னாள். தைத்துக்கொண்டே, "எங்களிட்டயும் பிள்ளையின்ர துணியைத்தான் உதறினவை," என்றாள். "ஒரு இயக்கப் பெட்டைப்பிள்ளைதான் செக் பண்ணினது. என்ர வயசுக்குக் குறைவு. நெப்கினை ஒவ்வொண்டா உதறிப் பார்த்திட்டு, நகையில்லை எண்டவுடன நிலத்தில போட்டிட்டா. குனிஞ்சு எடுக்க விடயில்லை."

அவள் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. துணியைப் பார்த்துத்தான் சொன்னாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிறிக்கு அந்த இடத்தில் இருக்கமுடியவில்லை. எழும்பிப் போகவும் முடியவில்லை. ஐந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னான்.

"தங்கச்சி வீட்டிலை ஒரு அலுமாரி இருந்தது," என்றான். "தொண்ணூற்றொண்டிலை, இயக்கத்தின்ரை கடையிலை மச்சான் வேண்டினது. உங்கடை ஆக்கள் விட்டிட்டுப் போன சாமான் அங்கை வித்தவங்கள். நான்தான் வண்டிலிலை ஏத்தி வந்தனான்."

மெஷின் நின்றது. கடையின் முன்பக்கம் யாரோ விலை கேட்டார்கள், ஸவாஹிர் பதில் சொன்னார்.

"கண்ணாடி வச்சதோ?"

"ஓம். வலப்பக்கக் கதவிலை."

"எங்கட அலுமாரிக்குக் கண்ணாடி இல்லை," என்றாள் நஸீறா. துணியைத் திருப்பிப் போட்டாள். "அப்ப வேற ஆரோ ஒராளின்ர."

அந்த அலுமாரி இப்போது எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதுவும் கொக்குவிலில் விட்டு வந்தாயிற்று, ஆமி வந்த பிறகு யார் கொண்டுபோனார்களோ என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொன்னால் நியாயம் கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான். அவள் மறுபடியும் மெஷினை மிதித்தாள். நாலு உருப்படியையும் தைத்து முடித்து, மூட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, மடித்துக் கொடுத்தாள். தையற்கூலி வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

கனகேஸ்வரி ரீச்சர் ஓகஸ்ட் பதினேழாம் திகதி வவுனியா ரயில் ஏறினார். விலாசம் இல்லாததால், பையின் உள்ளே ஜெகதீஸ்வரி, கொக்குவில், புருஷன் பெயர் இரத்தினசிங்கம், பிள்ளை பிறக்க இருக்கிறது என்று ஒரு துண்டு எழுதி வைத்தான். தெரிந்தவர்களிடம் விசாரிப்பேன், கிடைக்காவிட்டால் யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடட்டா என்று ரீச்சர் கேட்டார். சிறி அந்தத் துண்டை எடுத்து மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு, கொடுங்கோ என்றான்.

செப்டெம்பர் போனது. ஒக்டோபரும் போனது. தாண்டிக்குளத்தில் வன்னிக்குப் போகும் பாதை மூடிக் கிடந்ததால் ரீச்சர் வவுனியா முகாமில் ஐந்து கிழமை நின்றார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு கதையில்லை. கந்தோரில் டோரின் காலையில் அவன் முகத்தைப் பார்ப்பாள், அவன் இல்லையென்று தலையசைத்தால் மேலே கேட்கமாட்டாள். புனித அந்தோனியார் கோவிலில் அவள் ஒவ்வொரு செவ்வாயும் ஜெகாவின் பெயரில் மெழுகுதிரி கொளுத்தினாள் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஸவாஹிரின் கடை இருக்கிற பக்கத்தால் அவன் நடக்கவில்லை. றோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்தால் போனான்.

டிசெம்பர் இரண்டாம் கிழமையில் கடிதம் வந்தது. ஜெகாவின் எழுத்துத்தான். கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

அக்கராயனில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஓகஸ்ட் கடைசியில், நாளுக்கு முன்பே பிள்ளை பிறந்தது. பெண். தமயந்தி என்று பெயர். முதல் இரண்டு மாதமும் தன்னுடைய சீலையிலும் புருஷனின் சாறத்திலும்தான் சுற்றி வைத்திருந்தாளாம். ரீச்சர் தேடிக் கண்டுபிடித்து வந்தபோது பிள்ளைக்கு அறுபத்தொரு நாள். சட்டை கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது, இப்போது அளவாக இருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் போடலாம் என்று எழுதியிருந்தாள். முழுக்கை நல்லதாய்ப் போயிற்று, இங்கே எல்லாருக்கும் காய்ச்சல். சாறத்தில் ஒன்றைக் கிழித்துவிட்டாள். மற்றதில் ஏணை.

அதற்குப் பிறகு நாலு வரி: "பக்கத்துக் கொட்டிலில் ஒரு பிள்ளை பிறந்தது. தாயிடம் ஒன்றுமில்லை. இரண்டு சட்டை கொடுத்தேன், கோவிக்காதேங்கோ. அது மலேரியாவில் போன கிழமை செத்துப்போச்சு. அந்தச் சட்டையோடைதான் தாட்டவை."

கடைசியில் கேட்டிருந்தாள். உடுப்பு யார் எடுத்தது? நீங்கள் எடுத்ததாய் இராது, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இங்கே எங்களுக்கு என்ன தேவை என்று தெரிந்த ஆரோ எடுத்திருக்கினம். அவவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கோ.

சிறி அன்றைக்கே பதில் எழுத இருந்தான். நஸீறா என்று ஒரு பெண், சோனகத்தெருவில் இருந்து போகச்சொன்னவர்களில் ஒருத்தி, அவளுடைய பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள் என்று எழுதினான். ஒரு பக்கம் எழுதினான். வாசித்துப் பார்த்தான். இந்தக் கடிதம் போகிற வழியில் ஆமியும் பிரிக்கும், அங்கே இயக்கமும் பிரிக்கும். ஜெகா இருப்பது அவர்களுடைய இடத்தில். அலுமாரி வாங்கின மச்சானும் அதை வாசிப்பான். தாளைக் கிழித்தான். வேறு தாளில், "உடுப்பு எடுத்துத் தந்தது யாழ்ப்பாணத்து மனிசி ஒராள்" என்று மட்டும் எழுதினான். அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடிதத்தை மல்லாவிக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

அதன்பிறகுதான் கடைக்குப் போனான். நஸீறா மெலிந்திருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, சட்டைகள் சேர்ந்துவிட்டன, அளவாக இருக்கிறதாம் என்று சொன்னான். அவள் மெஷினை விட்டு எழும்பி வந்து கேட்டாள். பெண்ணா என்று கேட்டாள். காய்ச்சல் உண்டா, பால் இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்துக் கொட்டில் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

"ஆர் எடுத்த உடுப்பெண்டு கேக்கயில்லையோ?" என்றாள் பிறகு.

"கேட்டவ."

"எழுதினனீங்களோ?"

"ஓம்," என்றான்.

அவள் முகம் கொஞ்சம் வெளித்தது. அதை அவன் பார்த்தான், பார்த்தபடியே நின்றான், திருத்திச் சொல்லவில்லை. அவள் திரும்பித் துணிக் குவியலுக்குள் கையை விட்டாள். இனி அனுப்புகிறது சித்திரைக்குத்தான் போய்ச்சேரும், அப்போது பிள்ளை தவழும், முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த காற்சட்டையாகப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு தேடத் தொடங்கினாள்.